கொலுப்படியில் ஓர் எல்லைக்கோடு

சந்திரமௌலிக்குத் தெரியாத சண்டை உலகத்தில் கிடையாது. சூயஸ் கால்வாயில் யார் யாரை ஏமாற்றினார்கள், கொரியாவில் முதல் குண்டு யாருடையது, ஒரு இளவரசனைச் சுட்டதற்காக 1914-ல் எப்படி லட்சம் லட்சமாய்ச் செத்தார்கள், எல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தது. பம்பாய் ஃபோர்ட்டில் கப்பல் சரக்குக்கு இன்ஷூரன்ஸ் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் தலைமைக் குமாஸ்தா. எங்கேயாவது இரண்டு பெரிய நாடுகள் முறைத்துக்கொண்டால் அந்தப் பக்கம் போகும் கப்பலுக்குப் பிரீமியம் ஏறிவிடும். ஆகையால் உலக அரசியல் அவருக்கு ஆபீஸ் வேலை, பொழுதுபோக்கு இரண்டுமாக இருந்தது. அவர் கையால் போன பாலிசிகளில் பாதிக்கு மேல் 'யுத்த அபாயம் நீங்கலாக' என்றொரு வரி உண்டு. அந்த வரியைத் தலைகீழாக நின்று டைப் அடிக்கச் சொன்னாலும் அடிப்பார்.

சாயங்காலம் மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கினால் நேரே வீட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. கிங்ஸ் சர்க்கிளில் ஒரு காபி ஹோட்டல். அங்கே மூலை மேஜையில் அவருக்காக ஒரு கூட்டம் காத்திருக்கும். அவருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ஐ.நா. மாமா. அவர் காதிலும் அது விழுந்திருந்தது. கோபப்படவில்லை, கொஞ்சம் பெருமைதான்.

1914-ஐ அவர் விளக்குகிற அழகே தனி.

"யாருக்கும் சண்டை வேணும்னு இல்லை, ஓய். ஒருத்தன் படையைத் திரட்டறான். பக்கத்தாத்துக்காரன் பாத்துண்டு சும்மா இருப்பானா? அவனும் திரட்டறான். ரெண்டு பக்கமும் ஜனங்கள் பேப்பரைப் படிச்சுட்டு விடாதே பிடின்னு கத்தறது. அப்பறம் ராஜாவுக்குத் திரும்பி வரணும்னு ஆசை இருந்தாலும் வர முடியுமா? மானம் போயிடுமே."

இவ்வளவு தெளிவாகத் தெரிந்த மனிதர், சீனாவோடு எல்லைத் தகராறு முற்றியபோது விடாதே பிடி என்று கத்தியவர்களில் முதல் ஆள். இரண்டும் ஒரே சங்கதி என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அது வெள்ளைக்காரன் விவகாரம், இது நம் தேசம். 'ஒரு அங்குலம்கூட விடக்கூடாது' என்று பேப்பரில் வந்தால் இவர் அரை அங்குலம் என்பார். பார்லிமெண்டில் கத்தினார்கள், தெருவில் கத்தினார்கள், காபி ஹோட்டலில் கத்தினார்கள். முன்னே போ என்று எல்லோரும் சொன்னால் அரசாங்கம் என்ன செய்யும், முன்னே போயிற்று. கத்தினவர்கள் யாரும் கூடப் போகவில்லை.

அவருடைய ஒரே பிள்ளை சங்கரன் போனான். அதற்கும் சந்திரமௌலிதான் காரணம். சங்கரன் மாட்டுங்காவிலேயே இன்ஜினியரிங் முடித்தவன். கீழ் வீட்டு வானமாமலை அவனோடு படித்தவன். இருவருக்கும் செம்பூரைத் தாண்டி இருக்கிற எண்ணெய் ஆலையில் வேலை தயாராக இருந்தது. காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் வாசலில் இறக்கிவிடும். தாயார் அபயாம்பாளுக்கு அதற்கு மேல் ஒரு ஆசையும் இல்லை. சந்திரமௌலிதான் பட்டதாரிகளை ராணுவத்தில் நேரடியாக அதிகாரியாக எடுக்கிறார்கள் என்ற விளம்பரத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்தார். வானமாமலை எண்ணெய் ஆலைக்குப் போனான். சங்கரன் பாலம் போடுகிற, பாதை வெட்டுகிற பட்டாளத்தில் லெஃப்டினென்ட் ஆனான். சீருடையில் எடுத்த அவன் போட்டோவை சந்திரமௌலி பர்ஸில் வைத்துக்கொண்டு, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் காட்டினார்.

1962 நவராத்திரிக்கு அவருக்கு ஒரு யோசனை வந்தது. அந்தக் கட்டிடத்தில் வீட்டுக்கு வீடு கொலு. படிக்குப் பக்கத்தில் தரையில் பார்க், குளம், கோயில் தேர் என்று ஏதாவது கட்டுவார்கள். சந்திரமௌலி இமயமலையைக் கட்டினார். தாராவியில் குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவிலிருந்து களிமண் வந்தது. மருந்துக் கடைப் பஞ்சு பனியாயிற்று. ஃபோர்ட்டில் வாங்கின ஈயச் சிப்பாய்களில் பாதிப் பேருக்குத் தொப்பியில் சிவப்பு நட்சத்திரம் வரைந்து சீனாக்காரர்கள் ஆக்கினார். எல்லைக்கோட்டைப் போட அபயாம்பாளைக் கூப்பிட்டார். கோலத்தில் அவள் கை ஆடாது.

அவள் அரிசி மாவை எடுத்து மலை மேல் இழுத்தாள். சரிவில் மாவு நிற்கவில்லை, உதிர்ந்துகொண்டே இருந்தது.

"மலைமேல கோடு நிக்காதுன்னா. சறுக்கறது."

"கெட்டியா கரைச்சு இழுடி. நிக்கும்."

கரைத்து இழுத்தாள். நின்றது.

அந்த வருஷம் மாட்டுங்காவே அவர் வீட்டுக் கொலுவுக்குத்தான் வந்தது. பெண்கள் பாட்டுப் பாடிச் சுண்டல் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆண்கள் மலையைச் சுற்றி நின்று யுத்தம் பேசினார்கள். சந்திரமௌலி ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, இது ஓடை, இது மேடு, இங்கேதான் அவன் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று காட்டினார். நடுவில் சங்கரன் லீவில் வந்து சேர்ந்தான். இளைத்துக் கறுத்திருந்தான். பெட்டியை வைத்துவிட்டு மலையைப் பார்த்தான், பஞ்சைத் தொட்டுச் சிரித்தான். பிறகு குனிந்து முன்னால் நின்ற நம் சிப்பாய் ஒருவனை எடுத்து ஓடைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து வைத்தான்.

"இவன் இங்க நிக்கட்டும்பா. அங்க நின்னா இவனுக்கு அரிசி போய்ச் சேராது. ரோடு கிடையாது."

கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். சந்திரமௌலி அவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"பாத்தேளா, நம்மாத்துக் கொலுவிலேயே பின்வாங்கச் சொல்றான் மிலிட்டரிக்காரன்."

எல்லோரும் சிரித்தார்கள். வானமாமலை பலமாகச் சிரித்தான். சந்திரமௌலி அந்தச் சிப்பாயை எடுத்து ஓடையைத் தாண்டி, முன்பு இருந்த இடத்தையும் தாண்டி, மாக்கோட்டின் விளிம்பில் வைத்தார். கைதட்டினார்கள். சங்கரனுக்குக் காது சிவந்தது. உள்ளே போய் அம்மாவிடம் சாப்பாடு கேட்டான்.

சரஸ்வதி பூஜைக்கு முன்னாலேயே லீவு ரத்து என்று தந்தி வந்துவிட்டது. அபயாம்பாள் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலும் ஒரு டப்பா தட்டையும் கட்டிக் கொடுத்தாள். விக்டோரியா டெர்மினஸில் கல்கத்தா மெயில் கிளம்பும்போது அவன் மேல் பருத்திச் சட்டைதான் இருந்தது. கம்பளி அங்கே கொடுப்பார்களா என்று அவள் கேட்டாள். கொடுப்பார்கள் என்று சந்திரமௌலிதான் பதில் சொன்னார். அவருக்கு அதுவும் தெரிந்திருந்ததாம்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சண்டை வந்துவிட்டது. அதே வாரத்தில் அமெரிக்காவும் ரஷ்யாவும் க்யூபாவை நடுவில் வைத்துக்கொண்டு அணுகுண்டைத் தடவிக்கொண்டிருந்தன. காபி ஹோட்டலில் சந்திரமௌலிக்கு மூச்சுவிட நேரமில்லை. ரஷ்யாக்காரன் சீனாக்காரனைத் தட்டிவைப்பான் என்று போன மாதம் சொன்னவர், ரஷ்யாவுக்கு இந்த வாரம் சீனாவின் தயவு வேண்டியிருக்கிறது, அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று இந்த மாதம் சொன்னார். இரண்டும் கேட்க நன்றாகவே இருந்தன. பெரியவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் பேசிச் சமாதானமாகிக் க்யூபாவை விட்டு விலகினார்கள். மலைமேல் இருந்தவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு மாதத்தில் சீனாக்காரன் வந்த வேலை முடிந்தது என்று தானாகவே திரும்பிப் போனான். அதற்குப் பத்து நாள் கழித்து, சங்கரனைக் காணவில்லை என்று தந்தி வந்தது.

செத்தான் என்றில்லை, காணவில்லை என்றுதான் இருந்தது. அபயாம்பாள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். சீனாக்காரன் பிடித்து வைத்திருக்கிறான், விடுவான் என்றாள். அடுத்த வருஷம் கோடையில் கைதிகளைத் திருப்பி அனுப்பினார்கள். சங்கரன் வரவில்லை. எல்லோரையுமா விட்டிருப்பான், படித்தவன் என்று வைத்துக்கொண்டிருப்பான் என்றாள்.

அந்தக் கோடையில்தான் பூலோகம் வந்தான். கூலிக்காரர்கள் குடியிருக்கும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் அவன் அண்ணன் வீடு. சொந்த ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே. சங்கரனுக்குக் கீழே சிப்பாயாக இருந்தவன், பிடிபட்டுத் திரும்பி வந்தவன். கட்டிடத்து வாசலில் நின்று, ஆபீஸிலிருந்து வந்த சந்திரமௌலியை நிறுத்தி இதைச் சொன்னான். அவனை மாடிக்குக் கூப்பிட சந்திரமௌலிக்குத் தோன்றவில்லை. லேபர் கேம்ப் ஆளைக் கூடத்தில் உட்கார வைக்கிற பழக்கம் அந்தக் கட்டிடத்தில் யாருக்கும் இல்லை. அதைவிடப் பெரிய காரணம், மாடியில் அபயாம்பாள் இருந்தாள். தெருமுனை இரானி ஹோட்டலுக்கு அழைத்துப் போனார். பூலோகம் டீ கிளாஸை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்துத் தூக்கினான். விரல்கள் பாதிக்கு மேல் இல்லை.

"பனியில போச்சுய்யா. துணி சட்டையும் கேன்வாஸ் சூவும்தான் குடுத்திருந்தாவ. ஓடைக்கு அங்கிட்டுப் போயி நில்லுன்னு ஆர்டரு. ஏன்னு எங்க சாருக்கும் தெரியாது. மேல இருந்து வருதுன்னாவ."

"சங்கரன்..."

"சொல்லுதேன்யா. அடிபட்டு எல்லாம் சிதறினப்பறம் பூட்டான் பக்கமா நடந்தோம். நாலஞ்சு நாளு இருக்கும். திங்க ஒண்ணுமில்ல. ஒரு பாட்டில்ல புளி வச்சிருந்தாவ, அதை ஆளுக்கு ஒரு விரல் நக்கினோம். அப்புறம் ஒரு இடத்துல உக்காந்தாவ. நீங்க போங்கல, நான் கொஞ்சம் இருந்துட்டு வாரேன்னாவ. நான் போயி தூக்கிப் பாத்தேன். கண்ணு திறந்தபடியே இருந்துச்சு. மூச்சு இல்ல."

சந்திரமௌலி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூலோகம் அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"நல்ல மனுசன்யா அவிய. கஷ்டத்துலயும் சிரிப்பு காட்டுவாவ. எங்க அப்பா வீட்டுல இந்த மலைய அப்படியே கட்டி வச்சிருக்காரு, அங்கயும் ஒருத்தன் ஓடைக்கு அங்கிட்டுத்தான் நிக்கான், அவன எடுத்தாத்தான் நம்மளயும் எடுப்பாவன்னு சொல்லுவாவ. எல்லாரும் சிரிப்போம்."

டீ ஆறிவிட்டது. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன் என்று பூலோகம் எழுந்தான்.

"வேண்டாம்பா. நானே சொல்லிக்கறேன்."

சொல்லவில்லை. அன்று சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. பிறகு சொல்வதற்கு வழியில்லாமல் போயிற்று. ஊர் உலகத்தில் நடப்பதையெல்லாம் முதல் ஆளாக வந்து சொல்கிற மனிதர், தன் வீட்டுச் செய்தியை விழுங்கிவிட்டு உட்கார்ந்தார். அவளுக்காகத்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். அது பாதி பொய். சொன்னால் எப்படிச் செத்தான் என்று அவள் கேட்பாள். ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றான் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு அவருக்குத் தைரியம் இல்லை.

காபி ஹோட்டலுக்குப் போவதை நிறுத்தினார். மனுஷனுக்குப் பிள்ளைக் கவலை என்றார்கள்.

அபயாம்பாள் கொலுவை நிறுத்தவில்லை. செத்தவர் வீட்டில்தான் அந்த வருஷம் கொலு கிடையாது, நம் வீட்டில் யார் செத்தார்கள் என்றாள். மலை மட்டும் வேண்டாம் என்று சந்திரமௌலி சொல்லிவிட்டார். ஐப்பசியில் சங்கரனின் நட்சத்திரம் வந்தால் பாயசம் வைத்தாள். அவர் அதைக் குடித்தார். நவராத்திரிக்கு முன்னால் வருவது மகாளய அமாவாசை. செத்த உறவுகள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுகிற நாள். தர்ப்பணம் முடிகிற சமயம் வாத்தியார், வேறு யாராவது உண்டா என்று வழக்கமாகக் கேட்பார். இல்லை என்று சந்திரமௌலி சொல்வார். பசியோடு போன பிள்ளைக்கு ஒரு கை எள் ஜலம்கூட இல்லை என்பது ஒவ்வொரு தடவையும் அவர் நெஞ்சை அறுத்தது. ஆனாலும் இல்லை என்றுதான் சொன்னார்.

1965-ல் அடுத்த சண்டை வந்தது. இந்தத் தடவை பாகிஸ்தான். அமெரிக்கா கொடுத்த டாங்க்கில் அவன் வந்தான், ரஷ்யா பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டது, சீனா வடக்கே நின்று உறுமியது. ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டிப் பம்பாய் மூன்று வாரம் இருட்டில் கிடந்தது. சண்டை நின்று இரண்டாம் நாள் மகாளய அமாவாசை. காலையில் வாத்தியார் வந்து கேட்டார். சந்திரமௌலி இல்லை என்றார்.

சாயங்காலம் அபயாம்பாள் படி கட்டிப் பொம்மைகளை ஒவ்வொன்றாக டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். வானமாமலை இரண்டு சிநேகிதர்களோடு வந்தான். எண்ணெய் ஆலையில் இப்போது பெரிய பதவி, கொஞ்சம் தொந்தி. கையில் நீளமான தகரத் தட்டு.

"மாமா, இந்த வருஷம் லாகூர்ச் சண்டையை வைக்கறோம். கட்டிடத்துக்கே ஒரே கொலு. இதான் கால்வாய், நிஜமா தண்ணி விடப்போறோம். ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கும். நீங்க வந்து டாங்க்கெல்லாம் எங்க நிக்கணும்னு சொல்லணும்."

"எனக்கு அதெல்லாம் மறந்துபோச்சு."

"உங்களுக்கா? 62-ல வெச்ச மலையை ஜனங்கள் இன்னும் பேசறா. நம்ம சங்கரன் பேர்ல போர்டு ஒண்ணு வெச்சுடலாம் மாமா. திரும்பி வர்றவரைக்கும் அவன்தான் நம்ம ஹீரோ. பத்து சீனாக்காரனையாவது சாய்ச்சிருப்பான், பாருங்கோ."

இரண்டு வருஷத்துக்கு மேல் வாயைத் திறக்காதவருக்கு அந்தப் பத்து என்ற எண்ணிக்கையைத் தாங்க முடியவில்லை.

"அவன் யாரையும் சாய்க்கலைடா. சோறில்லாம, கம்பளியில்லாம நடந்து, பனியில உக்காந்து செத்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் நிக்கச் சொன்னா, நின்னான். நிக்கச் சொன்னது யாரு? நான் கத்தினேன். நீ கைதட்டினே."

வானமாமலை தட்டோடு நின்றான். அபயாம்பாள் கையில் ஒரு செட்டியார் பொம்மை இருந்தது. அதைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு யார் சொன்னா?"

"அவனோட இருந்த சிப்பாய். வந்து சொன்னான்."

"எப்போ?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கணக்குப் போடுகிறவள் மாதிரி கொஞ்ச நேரம் படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருஷமும் அவனுக்குத் தண்ணி விடலையா நீங்க?"

அவர் கறுப்புக் காகிதம் ஒட்டிய ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காலம்பர வாத்தியார் கேட்டாரே. அப்போவாவது அவன் பேரைச் சொன்னேளா?"

"சொல்லலை."

"பாயசம் பாயசமா குடிச்சேளே."

எழுந்து குளியலறைக் குழாயடிக்குப் போனாள். வாளித் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொள்ளும் சத்தம் கூடம் வரை கேட்டது. ஈரப் புடவையோடு திரும்பி வந்து, எடுத்து வைத்த பொம்மைகளைப் பழைய வேஷ்டித் துணியில் சுற்றி மறுபடியும் பெட்டியில் அடுக்கினாள். வானமாமலையும் சிநேகிதர்களும் எப்போது கீழே இறங்கிப் போனார்கள் என்று இருவருமே கவனிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் கீழே லாகூர் தயாராகிவிட்டது. கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது என்று பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். ரிகார்டில் தேசபக்திப் பாட்டு ஓடியது. வானமாமலை மாடிக்கு வந்து வாசலில் நின்றான். ரொம்ப வருத்தமாக இருக்கிறது மாமி என்றான். அவள் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் காலை மாற்றி மாற்றி நின்றுவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"அந்த ஈயச் சிப்பாய் பொம்மைகள் இங்க சும்மாதானே இருக்கு மாமி? எங்களுக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கு."

அபயாம்பாள் உள்ளே போய் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து அப்படியே அவன் கையில் கொடுத்தாள். அவன் நன்றி சொல்லிவிட்டு இறங்கினான். பிறகு அவள் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஒரே ஒரு சிப்பாயை அவிழ்த்து எடுத்தாள். அடியில் பழைய அரிசி மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த சந்திரமௌலியின் உள்ளங்கையை விரித்து அதில் அதை வைத்து விரல்களை மூடினாள்.

"இதையும் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்கோ. இவன் எங்க நிக்கணும்னு உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் எழுந்திருக்கவில்லை. அவள் வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், அவர் எழுந்திருக்கிற வரைக்கும். கீழே யாரோ அவர் தலையைப் பார்த்துவிட்டு, ஐ.நா. மாமா வரார், வழி விடுங்கோ என்றார்கள். கூட்டம் விலகி வழி விட்டது.